தாடை மரத்துப் போனா பல்லு வலின்னு மட்டும் விட்டுடாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாய் புற்றுநோய் பத்தி அரைப்பக்கம் வந்திருந்துச்சு. புகையிலை, சீவல், வாயில வர்ற வெள்ளைத் திட்டு, ஆறாத புண்ணு எல்லாம் தெளிவா எழுதியிருந்தாங்க. எங்க பக்கம் கும்பகோணம் வெத்தலை இல்லாம ஒரு விசேஷமும் நடக்காது, பெரியவங்க இடுப்புல சுருக்குப்பை இல்லாம வெளிய கிளம்ப மாட்டாங்க, அதனால அந்த கட்டுரை ரொம்ப அவசியம்தான். ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா என் தம்பிக்கு வந்தது அந்த அரைப்பக்கத்துல ஒரு வரி கூட இல்ல. அவன் பீடி சிகரெட் தொட்டதில்ல, கல்யாண வீட்டுல குடுக்குற வெத்தலையக் கூட அம்மாகிட்ட குடுத்துடுவான். அவனுக்கு வந்தது வாய்த்தோல்ல வர்ற புற்றுநோய் கிடையாது, தாடை எலும்புக்குள்ளயே வர்றது. ஆஸ்டியோசார்கோமான்னு பேரு. அந்தப் பேரை வாய்ல நுழைய வைக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு. அத பத்திதான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போகும், மன்னிக்கணும்.

நாங்க நீடாமங்கலம் பக்கம், மூணாறு தலைப்புக்கு கிட்ட ஒரு கிராமம். தம்பிக்கு அப்ப 34 வயசு, அறுப்பு மெஷின் ஓட்டுறான். 2023 ஜூன் மாசம், மேட்டூர்ல தண்ணி திறந்து விட்ட சமயம், கீழ் வரிசையில வலது பக்க கடவாப்பல் ஆடுதுன்னு சொன்னான். பல்லுல சொத்தை இல்ல, வலியும் பெருசா இல்ல, மெஷின் மேல உக்காந்தா அந்த அதிர்வுல மட்டும் உள்ளுக்குள்ள குடையுதுன்னான். அம்மா கிராம்பு எண்ணெய் வெச்சாங்க, உப்புத்தண்ணி கொப்பளிக்கச் சொன்னாங்க. ஒரு மாசத்துல தாடை ஓரம் லேசா வீங்குச்சு, எங்க சித்தி வந்து பாத்துட்டு பொன்னுக்கு வீங்கின்னு சொல்லி அவங்க கழுத்துல இருந்த செயினைக் கழட்டி அவனுக்கு போட்டு விட்டாங்க. அவங்க பாசத்துல செஞ்சது, அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

நான் இன்னிக்கும் நினைச்சு நினைச்சு வருத்தப்படுறது வேற ஒரு நாள். ஆடி மாசம், நான் பொறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். வாசல்ல கண்ணாடிய மாட்டி வெச்சுட்டு ஷேவ் பண்ணிட்டிருந்தான். நான் காபி எடுத்துட்டுப் போனேன், பாத்தா மோவாய்ல பிளேடு நல்லா கிழிச்சு ரத்தம் கழுத்து வரைக்கும் வழிஞ்சு பனியன் நனைஞ்சிருக்கு, அவன் பாட்டுக்கு நின்னு மறு பக்கம் சிரைச்சிட்டிருக்கான். டேய் ரத்தம்டான்னு கத்தினேன். தொட்டுப் பாத்துட்டு, "தெரியலயே அக்கா, இங்க கொஞ்ச நாளா மரத்தாப்லதான் இருக்கு"ன்னான். பல்லு ஆடுறதால அப்படி இருக்கும்னு அவனே சொன்னான், நானும் சரின்னுட்டேன். அதுக்கப்புறம் கவனிச்சா சாப்பிடும்போது கீழ் உதட்டுல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கும், அது இருக்குறதே அவனுக்குத் தெரியாது, அவன் பொண்ணு ஆறு வயசு, அதுதான் அப்பா இங்கன்னு தொட்டுக் காட்டும்.

அந்த மரத்துப் போறதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கு பின்னாடி சென்னையில ஒரு டாக்டர் பேப்பர்ல படம் வரைஞ்சு சொன்னாரு. கீழ்த்தாடை எலும்புக்குள்ள குழாய் மாதிரி ஒரு வழி இருக்காம், அதுக்குள்ள ஒரு நரம்பு ஓடி வந்து மோவாய் கிட்ட வெளிய வருது, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்குறது அதுதான். கடவாப்பல் புடுங்கினா சில பேருக்கு அந்த நரம்பு அடிபட்டு மரத்துப் போறது உண்டு, ஆனா பல்லுல யாரும் கை வெக்காமலே, அடியும் படாம, உதடு மரத்துப் போச்சுன்னா எலும்புக்குள்ள ஏதோ ஒண்ணு அந்த நரம்பை நெருக்குது இல்ல அரிக்குதுன்னு சந்தேகப்படணும், அது கட்டி இல்லன்னு தெரியற வரைக்கும் விடக்கூடாதுன்னாரு. எல்லா மரத்துப் போறதும் புற்றுநோய் கிடையாது, சீழ் கட்டினாலும் வரலாம், ஆனா ஒரு எக்ஸ்ரே கூட எடுக்காம விடுறதுக்கு அது காரணம் ஆகாது இல்லையா சார்.

நாங்க போன பல் கிளினிக்ல (பேரு வேணாம், அவங்களும் நல்லவங்கதான், நாள் பூரா கூட்டம்) ஆடுற பல்லைப் புடுங்கிட்டாங்க. மரத்துப் போயிருக்கான்னு கேக்கல, நாங்களும் சொல்லல. புடுங்கின குழி மூணு வாரம் ஆகியும் ஆறல, அதுக்குள்ள இருந்து செவப்பா சதை மாதிரி எட்டிப் பாத்துச்சு. இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாடிக் அஞ்சு நாள், திரும்ப அஞ்சு நாள், அப்புறம் வேற மாத்திரை ஏழு நாள். பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பிச்சுது, அதையும் புடுங்கிடலாம்னாங்க. அந்த வருஷம் குறுவை தண்ணி இல்லாம கருகினது டெல்டாவுல எல்லாருக்கும் தெரியும், அறுப்பே பாதிதான், மெஷினுக்கு வேலை இல்ல, கையில காசு இல்ல, அதனால தள்ளித் தள்ளிப் போட்டதுல எங்க பங்கும் இருக்கு. ஆனா பல்லு ஆடினதுல இருந்து முதல் முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்குறதுக்கு நாலு மாசம் ஆச்சு.

அந்த எக்ஸ்ரே பேரு ஓபிஜி. மெஷின் தலைய சுத்தி வந்து ரெண்டு தாடையையும் ஒரே படமா எடுக்கும், அதிகம் போனா சில நூறு ரூபாதான். அத தஞ்சாவூர்ல எடுத்தோம். படத்தை டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு அங்க இருந்த டாக்டர் அம்மா எனக்கும் காட்டினாங்க. நல்ல பல்லோட வேரைச் சுத்தி முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கும், பல்லையும் எலும்பையும் சேத்துப் பிடிக்கிற நாரு இருக்குற இடமாம் அது. தம்பியோட அந்தப் பல்லுல மட்டும் அந்தக் கோடு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல தடிச்சுப் போய் பென்சில்ல அழுத்தி வரைஞ்ச மாதிரி இருந்துச்சு. எலும்போட கீழ் ஓரத்துல சூரியக் கதிர் மாதிரி சின்னச் சின்னக் கோடா வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. அந்தம்மா வேற எதுவும் பேசல, "நாளைக்கே சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்மா, தள்ளாதீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்களுக்கு நாங்க என்னிக்கும் கடமைப்பட்டிருக்கோம்.

அந்த சதை டெஸ்ட், அதான் பயாப்ஸி, அத பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நாங்க ரெண்டாவது தடவை தடுக்கி விழுந்தது அங்கதான். எலும்புக் கட்டிய மத்த சதை மாதிரி உடனே சீவிப் பாக்க முடியாது, ஆசிட்ல ஊறப் போட்டு மெதுவாக்கித்தான் வெட்டுவாங்க, அதனால ரிப்போர்ட் வர லேட்டாகும், அதுக்காக பதறக்கூடாது. எங்களுக்கு வந்த முதல் ரிப்போர்ட்ல புற்றுநோய் இல்ல, ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியான்னு போட்டிருந்துச்சு, அது சாதாரண எலும்பு வளர்ச்சிதான், ஆபத்து இல்ல. வீட்டுல எல்லாரும் அழுது சிரிச்சு மன்னார்குடி ராஜகோபால சுவாமிக்கு அர்ச்சனை எல்லாம் பண்ணியாச்சு. ஆனா அந்த டாக்டர் அம்மா ஒத்துக்கல. படம் ஒண்ணு சொல்லுது, ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, உதடு மரத்துப் போயிருக்கு, இது மூணும் சேரல, எலும்புக் கட்டி நிறைய பாக்குற பெரிய இடத்துக்கு ஸ்லைடையும் பிளாக்கையும் எடுத்துட்டுப் போங்கன்னாங்க. சின்னத் துண்டு சதைய வெச்சு அந்த சாதாரண வளர்ச்சியையும் ஆஸ்டியோசார்கோமாவையும் பிரிச்சுச் சொல்றது பழகினவங்களுக்கே கஷ்டமாம். கெட்ட செல்லு தானே அரைகுறை எலும்பைக் கொட்டுதான்னு தேடிப் பாக்கணும், அதுதான் இந்த நோய்க்கு அடையாளம்.

பிளாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன், எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்க, நகத்தளவு இருக்கும். லேப்ல எழுதிக் குடுத்துக் கேட்டா கொடுப்பாங்க, அது நோயாளியோட உரிமை. அத நான் என் தையல் டப்பாவுல பஞ்சு வெச்சு மடியில வெச்சுக்கிட்டு நீடாமங்கலத்துல மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினேன். வெயில்ல மெழுகு உருகிடுமோன்னு பயந்து ராத்திரி வண்டியா பாத்துப் போனது. அந்த டப்பாவை ராத்திரி பூரா கீழ வெக்கல. பத்து நாள் கழிச்சு சென்னையில இருந்து பதில் வந்துச்சு, ஆஸ்டியோசார்கோமா.

இந்த நோய் ரொம்ப அபூர்வம். எலும்புல வர்ற ஆஸ்டியோசார்கோமாவே கம்மி, அதுல நூத்துக்கு ஆறுல இருந்து எட்டு பேருக்குத்தான் தாடையில வருது. முழங்கால் பக்கம் வர்றது பெரும்பாலும் பதின்வயசுப் பசங்களுக்கு, தாடையில வர்றது பத்து பதினஞ்சு வருஷம் தள்ளி முப்பது நாப்பது வயசுக்காரங்களுக்கு. அந்த வயசுல எல்லாருக்கும் பல்லுல ஏதாவது ஒண்ணு இருக்கும், அதனாலதான் இது பல்லு வியாதி மாதிரியே வேஷம் போட்டுட்டு உக்காந்திருக்கு. முன்னாடி அந்த இடத்துல கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவங்களுக்கும் பரம்பரையா சில கோளாறு இருக்குறவங்களுக்கும் ஆபத்து கூடுதல், மத்தபடி பெரும்பாலானவங்களுக்கு காரணமே தெரியாதாம். வெத்தலை புகையிலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இத நான் தடிச்ச எழுத்துல போடச் சொல்வேன் சார். ஊர்ல எத்தனை பேரு அவன் மூஞ்சிக்கு நேராவே "ரகசியமா புகையிலை அடக்குவியா"ன்னு கேட்டாங்க தெரியுமா, தம்பி பொஞ்சாதி கிட்ட கிணத்தடியில வெச்சுக் கேட்டிருக்காங்க, அவ என்கிட்ட வந்து "அண்ணி, நான் என்ன பதில் சொல்லுவேன்"னு அழுதா. வலியோட இருக்குறவன் மேல பழியும் சேத்துப் போடக்கூடாது.

சிகிச்சைய சுருக்கமா சொல்லிடுறேன். முதல்ல நெஞ்சுக்கு சிடி எடுத்தாங்க, இந்த நோய் பரவினா முதல்ல போறது நுரையீரலுக்குத்தான், கடவுள் புண்ணியத்துல சுத்தமா இருந்துச்சு. அப்புறம் கீமோ, சிஸ்பிளாட்டினும் டாக்ஸோரூபிசினும், மூணு வாரத்துக்கு ஒரு தடவை. டாக்ஸோரூபிசின் செவப்பா இருக்கும், ஏத்தின அன்னிக்கு ஒண்ணுக்கு செவப்பா போகும், அத முன்னாடியே சொல்லாததால அவன் ரத்தம்னு நினைச்சு நடுங்கிட்டான், போறவங்க தெரிஞ்சு வெச்சுக்கங்க. கால் எலும்புல வர்றதுக்கு கீமோ எந்த அளவு உதவும்னு நல்லா நிரூபிச்சிருக்காங்க, தாடைக்கு அந்த அளவு உறுதி கிடையாது, கேஸே கம்மிங்கறதால டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்குன்னு எங்ககிட்ட மறைக்காம சொன்னாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் ஆபரேஷன். கட்டியோட சேத்து சுத்தியிருக்குற நல்ல எலும்பையும் சதையையும் எடுத்துடணும், ஓரத்துல நோய் மிச்சம் இருந்தா அங்கயே திரும்ப வரும், தாடையில பெரிய பயமே அதுதான். அதனாலதான் முதல் ஆபரேஷனை யாரு எங்க பண்றாங்கங்கறது இவ்வளவு முக்கியம்.

2024 தை மாசம், ஊர்ல சம்பா அறுப்பு நடக்குது, இவன் மெஷின்ல இருக்க வேண்டிய நேரத்துல ஆபரேஷன் டேபிள்ல இருந்தான். காலையில எட்டு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க, ராத்திரி ஏழரைக்கு வெளிய வந்தான். வலது பக்க கீழ்த்தாடைல பாதிக்கு மேல எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு இல்லையா, வெளிப்பக்கம் இருக்குற ஒல்லி எலும்பை ரத்தக்குழாயோட சேத்து எடுத்து, தாடை வளைவுக்கு ஏத்த மாதிரி துண்டு பண்ணி, டைட்டானியம் பிளேட்டுல பொருத்தி, கழுத்துல இருக்குற ரத்தக்குழாயோட மைக்ரோஸ்கோப் வெச்சுத் தெச்சாங்க. உடம்பு எடைய தாங்குறது உள்பக்கம் இருக்குற தடிச்ச எலும்புதான், அதனால இவன் இன்னிக்கு நல்லா நடக்குறான். மொத ரெண்டு நாள் மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து வாய்க்குள்ள டார்ச் அடிச்சு ஒட்டின சதை செவப்பா இருக்கா, கறுத்துப் போகுதான்னு பாத்தாங்க, சின்ன கருவிய வெச்சா ரத்தம் ஓடுற சத்தம் உஷ் உஷ்னு கேக்கும். அந்த சத்தத்தைக் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும். மூச்சு விட கழுத்துல ஓட்டை போட்டிருந்ததால அவனால பேச முடியாது, ஒரு சிலேட்டு வாங்கிக் குடுத்தோம், முதல்ல எழுதினது "மெஷின் யாரு ஓட்டுறா".

ரெண்டு மாசம் மூக்கு டியூப்ல கஞ்சியும் பருப்புத் தண்ணியும்தான். வாய் திறக்குறதுக்கு ஐஸ் குச்சிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி பல்லுக்கு நடுவுல வெச்சு பயிற்சி, இன்னிக்கும் பண்றான். அந்த நரம்பையும் சேத்து எடுத்ததால உதடு மரத்துப் போனது மரத்துப் போனதுதான், அது திரும்ப வராது. ஆனா எடுத்த கட்டியோட ஓரம் எல்லாம் சுத்தம்னு ரிப்போர்ட் வந்துச்சு, அதனால கதிர்வீச்சு வேணாம்னுட்டாங்க. முதல் ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படத்தோட போய் காட்டணும், ஒரு தடவை கூட தவறவிடல.

பணம் பத்தி சொல்லாம விட்டா பிரயோஜனம் இல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கிடைக்குது, வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், வி.ஏ.ஓ. கிட்ட சான்று வாங்கி ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல பதியலாம். நல்லா இருக்கும்போதே அட்டைய எடுத்து வெச்சுக்கங்க, நாங்க கீமோ நாள் குறிச்ச அப்புறம் அதுக்காக அலைஞ்சோம். ரயில்ல சிகிச்சைக்குப் போற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசியிலயும் கட்டணம் முழுசா சலுகை, கூடப் போறவங்களுக்கு 75 சதவீதம், ஆஸ்பத்திரில ஒரு பாரம் கையெழுத்து வாங்கணும். இத எங்களுக்கு நாலாவது பயணத்துலதான் பக்கத்து சீட்டு அண்ணன் ஒருத்தர் சொன்னாரு. சென்னைல தங்குற செலவையும் போன கூலியையும் எந்த அட்டையும் கொடுக்காது, அதுக்கு தங்கச்சி செயினும் என் செயினும் போச்சு, அது போகட்டும்.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிய 1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்சாங்க, அவங்க நம்ம பக்கத்து புதுக்கோட்டைல பொறந்தவங்க. அதே புதுக்கோட்டைல இப்ப அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்திருக்கு. அங்க படிக்கிற பிள்ளைங்க நாளைக்கு நம்ம தாலுகாவுக்குத்தான் டாக்டரா வரப் போறாங்க. அவங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பெரியவங்க பல்லு சொத்தையும் இல்லாம ஈறும் கெடாம ஒத்தப் பல்லு மட்டும் ஆடுதுன்னு வந்தா, கொறடைய எடுக்குறதுக்கு முன்னாடி "உதடு மோவா மரத்துப் போயிருக்காங்க"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, ஒரு பஞ்சால ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க. புடுங்கின குழி ரெண்டு மூணு வாரத்துல ஆறலன்னா மூணாவது ஆன்டிபயாடிக் எழுதாம படம் எடுங்க, குழில இருந்து சதை வளந்தா அத சுரண்டித் தூக்கிப் போடாம டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. சந்தேகம் வந்துட்டா கத்தியும் வெக்காதீங்க, ஆபரேஷன் பண்ணப் போறவங்களே பயாப்ஸியும் எடுத்தா நல்லது, எடுத்த வழிய அவங்கதான் பின்னாடி சேத்து வெட்டி எடுக்கணும்.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். தாலுகா ஆஸ்பத்திரில பல் நாற்காலி இருக்கு, டாக்டர் இருக்காங்க, ஓபிஜி மெஷின் தாலுகாவுக்கு ஒண்ணு வெச்சா எத்தனையோ பேரு பிழைப்பாங்க. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பாக்குறாங்க, எங்க தெருவுக்கு வர்ற பொண்ணு அவ்வளவு பொறுப்பா பாக்கும். அவங்க கேக்குற கேள்வியோட வாயில ஆறாத புண்ணு இருக்கா, உதடு மரத்துப் போயிருக்கா, தாடை வீங்கியிருக்கான்னு இன்னும் மூணு கேள்வி சேத்துக்கணும்.

உங்ககிட்ட கேக்குறது, அடுத்த தடவை வாய் புற்றுநோய் பத்திப் போடும்போது இந்த எலும்பு நோயையும் நாலு வரி சேத்துப் போடுங்க சார். எழுத்தை விட படம் போட்டா நல்லா புரியும். தம்பியோட முதல் ஓபிஜி படம் எங்ககிட்ட இருக்கு, அந்தத் தடிச்ச கறுப்புக் கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். பேரு இல்லாம போடுறதா இருந்தா தாராளமா குடுக்கலாம்னு அவனே சொல்லிட்டான். வர்ற வாரம் செக்கப்புக்கு மெட்ராஸ் வர்றோம், சொன்னீங்கன்னா உங்க ஆபீஸ்ல கொண்டு வந்து குடுத்துட்டுப் போறேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி